பால் பல்தானே

அந்த வைத்தியசாலையில் ஒரு வழக்கம். மெலிந்து வந்த குழந்தைக்கு எடை ஏறினால் வாசல் மணியை அடிப்பார்கள். அடிப்பவன் அருளப்பன். வைத்தியர் மங்கைநாயகியின் சீடன், குழந்தைகளுக்கு என்ன சாப்பாடு என்று சொல்பவன். நல்ல மனுஷன்தான். தராசு முள் நகர்ந்துவிட்டால் மட்டும் ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

சிந்தாமணி தன் மகள் பூங்கோதையை எலும்பும் தோலுமாகத் தூக்கி வந்தாள். மூன்று வயதுக் குழந்தை.

"புட்டிப் பால்ல கருப்பட்டி போட்டுக் குடும்மா. வாயில வச்சபடியே தூங்கட்டும்" என்றான் அருளப்பன்.

எடை ஏறியது. மணி அடித்தான். அன்றைக்கே சிந்தாமணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"பல்லுல கறுப்பா என்னமோ இருக்குங்கய்யா."

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும். நீ எடையைப் பாரு."

நாலைந்து மாதம் கழித்து, ஆடியில் பூங்கோதை திரும்பி வந்தாள், பழையபடி எலும்பும் தோலுமாக. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதடு லேசாகத் தடித்திருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

"எல்லாம் நீ குடுத்த செல்லம்" என்று தாயைக் கடிந்துகொண்டான்.

மங்கைநாயகி வந்து குழந்தையின் மேலுதட்டை விரலால் தூக்கினார். முன்பற்கள் கரைந்து கறுத்த முளைகளாக நின்றன. ஈறு முழுக்கச் சீழ்.

பல் வைத்தியரை வரவழைத்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. குழந்தை கதறியது வாசல்வரை கேட்டது. சிந்தாமணி அழவில்லை.

"ஐயா சொன்னபடிதாம்மா செஞ்சேன். ஒரு ராத்திரிகூட விடல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மதியம் அருளப்பன் குருவிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"என் வேலை சாப்பாடு. பல்லுக்கு வேற ஆள் இருக்காங்க. இதுல நான் என்னம்மா தப்பு பண்ணினேன்?"

மங்கைநாயகி இலை போட்டார். சோறும் குழம்பும் பரிமாறினார்.

"சாப்பிடு. ஆனா வாயைத் திறக்காதே."

அருளப்பன் சோற்றைப் பிசைந்தான். உருட்டிய கை வாய்வரை போய் நின்றது.

"வாயைத் திறக்காம எப்படிம்மா சாப்பிடறது?"

"அந்தப் பிள்ளை வாயைத் திறந்து பார்க்காமதானே நீ இத்தனை மாசமும் அவளுக்குச் சாப்பாடு சொன்னே?"

உள்ளே பூங்கோதை தூக்கத்தில் விசும்பினாள். அருளப்பனுக்குத் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே சொன்னான்.

"இனிமே எந்தப் பிள்ளை வந்தாலும் உதட்டைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் தராசுல வைப்பேம்மா."

"வை. அது நாளைக்கு வர்ற பிள்ளைக்கு."

அவன் முன்னாலிருந்த இலையை அவர் எடுத்துவிட்டார்.

"இவ ராத்திரிக்கு எதை விழுங்குவான்னு அவ அம்மாகிட்ட போய்க் கேளு. உன் கையால செஞ்சு குடு. அவ சாப்பிட்டப்புறம் நீ சாப்பிடலாம்."