பாய்க்கயிற்றில் விழுந்த கடுமுடிச்சு

காட்டோரத்துப் பெரிய ஏரியில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. அதன் தலைவர் ஒரு நீர்நாய். கோடையில் இக்கரைப் புல் கருகிவிடும். வயிறு நிறைய வேண்டுமென்றால் அக்கரைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அதனால் ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் காட்டுக் குட்டிகளுக்கு நீர்நாய் படகோட்டக் கற்றுக்கொடுக்கும்.

அந்த ஆண்டு பழைய படகாட்கள் எல்லாம் வேறு ஏரிக்குப் போய்விட்டன. ஏன் போயின என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

புதிதாக ஒரு கீரியும் ஒரு முயலும் வந்து சேர்ந்தன. குட்டிகள் வருவதற்குள் இரண்டையும் பழக்கியாக வேண்டும். நீர்நாய்க்குத் தொழில் அத்துப்படி. பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. முதுகைக் காட்டிக்கொண்டு மளமளவென்று ஒரு முடிச்சுப் போட்டது. பாய்க்கயிற்றுக்கு உருவாஞ்சுருக்குத்தான் போட வேண்டும் என்றது.

கீரி தயங்கித் தயங்கிக் கேட்டது. "தலைவரே, இறுக்கிக் கட்டினா என்ன? அதுதானே பத்திரம்?"

நீர்நாய் வாய்விட்டுச் சிரித்தது. "முடிச்சே தெரியாத நீயெல்லாம் படகு ஏற வந்துட்டியா? போ, போய் அடியில நிக்கிற தண்ணிய இறை."

கரையில் நின்ற கொக்குகளும் சிரித்தன. முயலும் சேர்ந்து சிரித்தது. பாவம் கீரி, மற்றப் பாடங்கள் நடந்தபோதெல்லாம் குனிந்த தலை நிமிராமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

உண்மையில் முயலுக்கும் அந்த முடிச்சு புரியவில்லை. ஆனால் படகில் வேலை கிடைத்துவிட்டது என்று வளை வளையாகப் போய்ச் சொல்லியாகிவிட்டது. இனி அசட்டுப் பட்டம் கட்டிக்கொண்டு எந்த முகத்தோடு திரும்புவது? ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் நீர்நாய் "புரிஞ்சுதா?" என்று அதட்டும். "புரிஞ்சுது தலைவரே!" என்று முயல் முந்திக்கொண்டு சொல்லும். கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கிவிட்டது.

குட்டிகள் வரும் நாளும் வந்தது. ஒரு நரிக்குட்டி, ஒரு குரங்குக்குட்டி, ஒரு புள்ளிமான்குட்டி. தாய்மான் கரையிலேயே நின்றது. ஒரே குட்டி அதற்கு.

நீர்நாய் சுக்கானைப் பிடித்தது. முயல் பாய்க்கயிற்றைத் தனக்குத் தெரிந்தபடி கட்டியது. கடுமுடிச்சு. கீரி அதைப் பார்த்தது. நீர்நாய் கட்டியது இப்படி இல்லையே என்று அதற்குத் தோன்றியது. வாயைத் திறக்கப் போனது. கொக்குகளின் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டது.

நடு ஏரியில் மலைப்பக்கமிருந்து சட்டென்று ஒரு காற்று இறங்கியது. பாய் புடைத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கயித்த விடு!" என்று கத்தியது நீர்நாய்.

கயிற்றை விட்டால் பாயிலிருந்து காற்று கழன்றுவிடும், படகு நிமிர்ந்துவிடும். அதற்காகத்தான் ஒரே இழுப்பில் அவிழும் உருவாஞ்சுருக்கு. முயல் இழுத்தது. முடிச்சு இன்னும் இறுகியது. கீரி பாய்ந்து வந்து கயிற்றைப் பல்லால் கடித்தது. அது அறுவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது.

கீரியும் முயலும் நரிக்குட்டியும் குரங்குக்குட்டியும் படகைப் பற்றிக்கொண்டு பிழைத்தன. நனைந்த பாய்க்கு அடியில் மான்குட்டி சிக்கிக்கொண்டது. நீர்நாய் மூழ்கி மூழ்கித் தேடி அதை வெளியே கொண்டுவந்தபோது அதற்கு மூச்சு இல்லை.

கரையில் நீர்நாய் முயல்மேல் பாய்ந்தது. "புரிஞ்சுதுன்னு நீதானடா சொன்ன?"

முயல் அழுதுகொண்டே சொன்னது. "புரியலன்னு கேட்ட கீரிய நீங்க என்ன பண்ணினீங்க, தலைவரே?"

யாரையும் பார்க்க முடியாமல் நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டது. தாய்மான் இவர்கள் பேச்சு எதையும் கேட்கவில்லை. குட்டியின் ஈரத் தலையை நக்கிக்கொண்டே இருந்தது, அது எழுந்துவிடும் என்பதுபோல.

நீதி: கேள்வி கேட்டவரைச் சிரித்து அடக்கும் இடத்தில் தெரியாதவர்கள் எல்லாரும் தெரிந்ததுபோல் நடிப்பார்கள், அதன் விலையை ஒரு பாவமும் அறியாதவர் கொடுக்க நேரும்.