ஒரு சொட்டு இறங்காத பை

"அவன் விளங்குவானா சாமி? வாய் கூசாம பொய்யைச் சொல்லி என் தலையில கட்டினானே, அவன் விளங்குவானா?"

மடத்து வேலியில் சைக்கிளைச் சாய்த்த கையோடு அஞ்சலாட்சி கேட்டது இதைத்தான். கும்பிடு அதற்கப்புறம்தான் வந்தது.

சாமி கிணற்றடியில் காவி வேட்டியைத் துவைத்துக்கொண்டிருந்தார். கெடிலம் ஆற்றங்கரை மடத்துக்கு இப்போது அவர்தான் குரு. பெரிய சாமி சமாதியான பிறகு பீடத்துக்கு வந்தவர். வயதில் அஞ்சலாட்சியின் கடைசி மகனைவிட இளையவர். அதனால் பாதி நேரம் குருவிடம் பேசுவதுபோலப் பேசுவாள், பாதி நேரம் பெற்ற பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டுவாள். சாமி இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முகத்தை வைத்துக்கொள்வார்.

"யாரும்மா?" என்றார்.

"பைக்கடைக்காரன்."

"பேரு?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

முதுகிலிருந்த பையைக் கழற்றித் துவைகல் மேல் போட்டாள். தொப்பென்று விழுந்தது. வெறும் பை அப்படி விழாது. தண்ணீர் குடித்த பைதான் அப்படி விழும்.

பார்வைக்கு நல்ல பை. கருநீலம். தோளில் பஞ்சு வைத்த அகலப் பட்டை. முதுகு வேகாமல் இருக்க வலைத்துணி. சைக்கிள் மிதிக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடாமல் இருக்க நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார்.

"உள்ளே என்ன இருந்தது?"

"கல்யாண ஜாக்கெட்டுங்க."

டவுனில் வசுமதி என்கிற பெண் தையற்கடை வைத்திருக்கிறாள். மிஷினில் தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை அஞ்சலாட்சி வீட்டுக்கு எடுத்து வருவாள். ஓரம் மடித்துக் கையால் தைப்பாள், கொக்கி வைப்பாள், விடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாள். போக வர ஆற்றங்கரை ரோடு. பஸ் உண்டு என்று பெயர். ஐப்பசியில் கல்யாணமும் அடைமழையும் ஒன்றாகத்தான் வந்து நிற்கும்.

"அரக்குப் பட்டு சாயம் விட்டுருச்சு சாமி. ஒட்டி இருந்தது சந்தனக் கலர் முகூர்த்த ஜாக்கெட். கழுத்துலேருந்து இடுப்பு வரைக்கும் குத்துப்பட்ட மாதிரி ஆயிருச்சு."

"அடடா."

"பொண்ணு அழுதுச்சு. பொண்ணோட அம்மா வசுமதியைக் கிழிச்சுது. வசுமதி என்னைத் திட்டவே இல்ல. அதான் எனக்குத் தாங்கல. 'அக்கா, சாயங்காலம் அடுத்த ஜாக்கெட்டுங்களை வந்து எடுத்துக்கங்க. அதுல ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் நான் வேற ஆள் பார்த்துக்கறேன்'னு மெதுவா சொல்லுச்சு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன். மெதுவா சொன்னா என்ன பண்றது?"

சாமி வேட்டியை அலசினார். பிறகு எழுந்துபோய் மடத்துத் தாழ்வாரத்தில் செருகியிருந்த ஒரு பாலிதீன் கவரை உருவிக்கொண்டு வந்து நீட்டினார். பூசைக்கு யாரோ வாழைப்பழம் கொண்டுவந்த கவர்.

"இதுல சுத்தி வெச்சுக்கங்க."

அஞ்சலாட்சி கவரைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். வாங்கினாள். கசக்கி வீசினாள். அது கசங்கிய பிறகும் காற்றில் விரிந்து முருங்கைக் கிளையில் போய் மாட்டிக்கொண்டது.

"வர்றவன் போறவன் எல்லாம் இதையேதான் சொல்றான். டீக்கடையில சொல்றான். பெத்த பிள்ளை போன்ல சொல்றான். நீங்களுமா? கவர்ல சுத்தித்தான் வைக்கணும்னா எனக்குச் சாக்குப்பை போதுமே! நனையாதுன்னு வித்தான். நனையாதுன்னு வாங்கினேன். அவன் சொன்ன பொய்க்கு நான் எதுக்கு ஒரு கவர் மாட்டணும்?"

சாமி முருங்கைக் கிளையை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லாப் பறக்குது" என்றார்.

"விளையாடாதீங்க சாமி."

"சரி. இதை அவன்கிட்டே போய்க் கேட்டீங்களா?"

அஞ்சலாட்சி பையின் வாரைப் பிடித்து இழுத்தாள்.

"போக முடியாது" என்றாள்.

"ஏன்?"

"கையில கையடிச்சு வாக்குக் குடுத்துட்டேன்."

அஞ்சலாட்சி பேரம் பேச நின்றால் கடைத்தெருவே வேடிக்கை பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. கட்டியவன் கைக்குழந்தைகளோடு விட்டுவிட்டுப் போனபின் பசியில் கற்றது. மீன்காரியானாலும் பாத்திரக்காரனானாலும் அவளிடம் கத்துவார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனால் மதிப்பார்கள். காரணம் ஒன்றுதான். கையடித்துவிட்டால் அவள் பேச்சு மாறமாட்டாள். எடுத்துக்கொண்டு போன சாமானில் குறை என்று சொல்லி ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

"இந்தப் பைக்காரன் படியவே இல்ல சாமி. கூப்பிடுவான்னு படியிறங்கிப் பார்த்தேன். கூப்பிடல. வெக்கத்தை விட்டுத் திரும்ப ஏறினேன். அப்புறம் அவனே சொன்னான். 'கொண்டுபோற பை திரும்பி வராதுன்னு கையடிங்க. நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கங்க'ன்னான்."

"அடிச்சீங்க."

"ஊரே பார்க்க அடிச்சேன். 'என்ன ஆனாலும் இந்தப் பையோட உன் படி ஏற மாட்டேன்'னு சொன்னேன். ஜெயிச்சுட்டேன்னு வேற நெனச்சேன்!"

"அவன் என்ன சொன்னான்?"

"அதுக்கு முந்தியே சொல்லிட்டானே. பாட்டில் தண்ணியை எடுத்துப் பை மேல ஊத்தினான். சேம்பு இலையில ஓடற மாதிரி உருண்டு ஓடுச்சு. 'ஒரு சொட்டு இறங்காது, தோளுக்கும் மெத்து மெத்துனு இருக்கும்'னான். தோளுக்கு இருந்துச்சு, அதுல பொய் இல்ல."

பையை இழுத்து வாயை விரித்து உள்தையலைக் காட்டினாள்.

"நான் துணியைத்தான் பார்த்தேன். ஊசியைப் பிடிச்சே உசிரு வளர்க்கறவ, தையலைப் பார்க்கல. பாருங்க, ஊசி போன ஓட்டை அத்தனையும் வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. நெசமாவே நனையாத பைன்னா தையலுக்கு மேல உள்பக்கமா ஒரு பட்டை ஒட்டியிருப்பான். இதுல ஒண்ணும் இல்ல. மேல விழற மழைகூட பரவாயில்ல. பின்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணி இருக்கே, அது நேரா அடித்தையல் வழியாத்தான் ஏறியிருக்கு."

மூச்சு வாங்கினாள்.

"இப்போ படி ஏறினா என் பேச்சு போச்சு. நாளைக்கு எந்தக் கடைக்காரன் என் கையை நம்பி விலையை எறக்குவான்? ஏறலேன்னா வேலை போச்சு. சொல்லுங்க சாமி. எதைத் தொலைக்கிறது நான்?"

சாமி ஈர வேட்டியைத் தொட்டியிலிருந்து தூக்கினார். ஒரு முனையை அவள் பக்கம் நீட்டினார்.

"பிடிங்கம்மா."

மடத்து வேட்டி தடித்த துணி. தனியாளாகப் பிழிய வராது. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அஞ்சலாட்சி முனகிக்கொண்டே பிடித்தாள். சாமி வலப்பக்கம் முறுக்கினார், அவள் இடப்பக்கம் முறுக்கினாள். வேட்டி கயிறாகத் திரண்டு தண்ணீரைக் கொட்டியது.

"இன்னும் இறுக்கி."

இறுக்கினாள். கொக்கி தைத்துக் காய்த்துப்போன விரல்கள். அவற்றிலிருந்து எதுவும் நழுவாது.

முறுக்கு ஏறி நிற்கும்போது சாமி தன் முனையை விட்டுவிட்டார்.

வேட்டி சாட்டை மாதிரி துள்ளியது. அஞ்சலாட்சி பின்னால் தடுமாறிக் கிணற்றுச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றாள். துவைத்த வேட்டி முழுநீளத்துக்கும் சேற்றில் கிடந்தது. அவள் முனை மட்டும் அவள் கையில்.

"என்ன சாமி இது!"

சாமி அவள் கையையே பார்த்தார்.

"இன்னும் எதுக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"பிடின்னு சொன்னது நீங்கதானே?"

"நான் விட்டுட்டேனே."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"புரியுது. எல்லாத்தையும் விட்டுடு, பொறுத்துப் போ, எழுதினது அவ்வளவுதான். அதானே? இதுக்கா ஆத்தைச் சுத்திக்கிட்டு வந்தேன்? இந்த வேதாந்தத்தை எல்லாம் வேளாவேளைக்கு இலை போட்டுச் சாப்பிடறவங்ககிட்ட சொல்லுங்க. நான் விட மாட்டேன்!"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் சாமி. குனிந்து வேட்டியைப் பார்த்தார். "சேறாப் போச்சு. யாரு துவைக்கிறது இப்போ?"

"யாரா?" அஞ்சலாட்சியின் குரலில் முருங்கை மரத்துக் காக்கை எழுந்து பறந்தது. "நல்லாயிருக்கே நியாயம்! விட்டது யாரு, நானா? நான் கையில வெச்சிருக்கேன், பாருங்க! விட்டவங்க துவைங்க!"

"சரி" என்றார் சாமி.

அவள் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார். வேட்டியைச் சுருட்டி எடுத்துப்போய்த் துவைகல்லில் போட்டார். வாளியில் தண்ணீர் சேந்தினார். சவுக்காரத்தை எடுத்து முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்கிற முகம்.

அஞ்சலாட்சி பார்த்துக்கொண்டே நின்றாள்.

தன் வெறும் கையை ஒருதரம் பார்த்தாள்.

பையைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டாள். ஈரம் முதுகில் சில்லென்று ஒட்டியது.

"சாமி, பிழிய ஆள் வேணுமே?"

"வேணும். உங்களுக்கு நேரம் இருக்கா?"

"இல்ல" என்றாள். சைக்கிள் அதற்குள் நகர்ந்துவிட்டது.

பைக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரன் அவளைத் தெருமுனையிலேயே பார்த்துவிட்டான். அவள் முதுகிலிருந்த பையையும் பார்த்தான். குரலை உயர்த்திக்கொண்டான்.

"வாங்கக்கா! கையடிச்சுட்டுப் போனவங்க பையோட வர்றீங்க? படி ஏறமாட்டேன்னு ஊரறியச் சொன்னது யாருன்னு மறந்துபோச்சா?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

அஞ்சலாட்சி படி ஏறினாள். ஒவ்வொரு படியாக, அவன் பார்க்கப் பார்க்க.

"சொன்னது நான்தான். மறக்கல" என்றாள். "ஒரு சொட்டு இறங்காதுன்னு சொன்னது யாருடா? முதல்ல பேச்சை விட்டவன் நீ."

பையை மேசை மேல் வைத்து ஜிப்பைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே தங்கியிருந்த தண்ணீர் அவன் மேசையெல்லாம் ஓடியது. அரக்கு நிறம். சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பை எடுக்க வந்திருந்த ஒருவர் கையில் வைத்திருந்ததை மெல்ல உட்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கத் தொடங்கினார்.

கடைக்காரன் அதைக் கவனித்தான். குரல் இறங்கியது.

"எதுக்குக்கா கூட்டம் கூட்டறீங்க? காசைத் திருப்பித் தர்றேன். வாங்கிக்கிட்டுப் போங்க."

"காசை விரிச்சுப் பிடிச்சா மழை நிக்குமா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மேல்தட்டிலிருந்து வேறொரு பையை இறக்கினான். ரப்பர் போலப் பளபளப்பு. வாயைச் சுருட்டி மூடுகிற மாதிரி. அஞ்சலாட்சி அதன் உள்பக்கத்தைத் திருப்பினாள். தையல் மேல் விரலை ஓட்டினாள். பட்டை ஒட்டியிருந்தது. மாட்டிக்கொண்டு குனிந்து, சைக்கிள் மிதிப்பது போல முதுகை வளைத்து, தோளை ஆட்டிப் பார்த்தாள். கழற்றி வைத்துவிட்டாள்.

"இது நனையாது. ஆனா தோளை அறுக்குது. ஆத்தங்கரை ரோடு பூராப் பள்ளம். வீடு போய்ச் சேர்றதுக்குள்ள கை மரத்துடும். அப்புறம் ஊசியை எதால பிடிக்கிறது?"

"தண்ணியும் இறங்கக் கூடாது, தோளுக்கும் மெத்துனு இருக்கணும், விலையும் நீங்க குடுத்ததுதான். அப்படி ஒரு பையைத் தேவலோகத்துலதான் தைக்கணும்!"

"எங்கே வேணா தைச்சுக்க. அப்படி ஒரு பை இருக்குன்னு சொன்னவன் நீ. விலைக்கு ஒத்துக்கிட்டவன் நீ. நான் கேட்கலை, நீ சொன்னே."

வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் அவள் சைக்கிள் சீட்டில் விழுந்தது. அஞ்சலாட்சி கடையின் மேல்படியில், ஒருவரும் தாண்டிப் போக முடியாதபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வசுமதி கடையில ஜாக்கெட்டுங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. நான் பையோடதான் போவேன். உள்ளே எத்தனை தட்டு இருக்கோ அத்தனையையும் இறக்கு. குடோன் இருந்தா திற. பக்கத்துக் கடையில கடன் வாங்கிக்கிட்டு வருவியோ, வேற என்ன பண்ணுவியோ, அது உன் பாடு. நீ சொன்ன பையை என் முதுகுல மாட்டிட்டு அப்புறம் யாருக்கு வேணா வியாபாரம் பண்ணு. என்ன பார்க்கறே? எடு!"