வெட்டாமல் விட்ட ராணி

இதைத் தப்பாகச் சொன்னால் செஸ் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்களே என்று பயந்துகொண்டேதான் சொல்கிறேன்.

விடுதிச் சமையல்காரி செங்கமலம் போனில் செஸ் ஆடுவது வார்டன் ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னோட ஆடு. தோத்தா வேலைய விட்டுப் போயிடணும்" என்றார். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம் உள்ள ஆன்லைன் ஆட்டம்.

பத்தாம் நாள் மாவுக் கை வழுக்கி, அவள் ராணி அவருடைய யானைக்கு எதிரே போய் நின்றுவிட்டது. திரும்ப எடுக்க வழியில்லை. ஏகாம்பரமோ, வேலைக்காரர்கள் காய்ச்சல் என்றால்கூடப் பொய் என்பவர். செங்கமலம் உடனே எழுதினாள்: "ஐயா, கை வழுக்கிடுச்சு. ராணிய வெட்டிராதீங்க."

"யாருகிட்ட? எனக்கே பொறி வைக்கிறியா?" என்று பதில் வந்தது.

மூன்று நாள் சோறு இறங்காமல் பொறியைத் தேடினார். கிடைக்கவில்லை, பயம்தான் கூடியது. ராணியைத் தொடாமல் வேறொரு காயை நகர்த்திவிட்டு, ஆட்டத்தைச் சமன் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அவளும் ஒரு நாள் பிகு பண்ணிவிட்டுச் சம்மதித்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லார் முன்னாலும், "இப்பவாவது சொல்லு, என்ன பொறி அது?" என்றார்.

"அன்னைக்கே சொன்னேனே ஐயா, கை வழுக்கிடுச்சுன்னு."

கூடமே சிரித்தது. "இன்னொரு ஆட்டம் போடுடி!" என்று கத்தினார்.

"எதுல ஐயா?" என்று செங்கமலம் போனை நீட்டினாள். சம்மதித்த கையோடு அந்தச் செயலியையே அழித்துவிட்டிருந்தாள்.