இன்னாசி அண்ணன் சும்மா இருந்த அறுபத்தோரு நாள்

அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சாச்சு, படகு கடல்ல இறங்க இன்னும் ரெண்டே நாள். எங்க கரையில எல்லாப் படகும் புதுப் பெயிண்ட் அடிச்சு மாப்பிள்ளை மாதிரி நிக்குது. எங்க முதலாளி, அண்ணி முறையாகிற செலஸ்டின் மயினியோட படகு மட்டும் தோல் உரிஞ்சு, பாசி காஞ்சு கிடக்கு. சுக்கான் பிடிக்கிற டிரைவர்தான் படகுக்குப் பெயிண்ட் அடிக்கணும், அது எங்க வழக்கம். எங்க டிரைவர் இன்னாசி அண்ணன். பெயிண்டை முதல் வாரமே வாங்கிக் கொடுத்தாச்சு. நாளை மறுநாள் சர்ச்சுல இருந்து சாமியார் வந்து படகுகளை மந்திரிக்கும்போது படகு இந்தக் கோலத்துல கிடந்தா வேற டிரைவரைப் போட்டுருவேன்னு மயினி சொல்லிவிட்டிருந்தாங்க. இப்ப நேர்லயே வந்து நிக்காங்க.

"அறுபத்தோரு நாளும் என்ன செஞ்ச இன்னாசி?"

படகு நிழல்ல மல்லாக்கப் படுத்திருந்த அண்ணன் தலையை மட்டும் திருப்புனாரு. "சும்மா இருந்தேன் மயினி. அது லேசுப்பட்ட சும்மா இல்ல, கேளுங்க."

நான் அந்தப் படகுல இஞ்சின் பார்க்கிறவன். அண்ணன் வராத அன்னைக்கு நான்தான் சுக்கான் பிடிப்பேன். கதை ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சதும் கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சுட்டேன்.

"முதல் நாள் காலையில கையைத் தலைக்கு வச்சுப் படுத்தேன். கண்ணு முழிச்சா ஒம்பதாம் நாள். எந்திரிப்போம்னு பார்த்தா வயித்து மேல காக்கா கூடு கட்டி, நாலு முட்டை இட்டு வச்சிருக்கு. புரண்டு படுத்தா பாவம்லா? குஞ்சு பொரிச்சுப் பறக்கிற வரைக்கும் அசையல. தாய்க்காக்கா நல்ல மாதிரி. குஞ்சுக்கு இரை கொண்டாரும்போது எனக்கும் ரெண்டு இட்லி கொண்டாரும்."

"சட்னி?" அப்படின்னு கேட்டேன்.

"காக்கா எப்படில சட்னி தூக்கிட்டு வரும்? புத்தியோட பேசு கிளாட்வின்."

மயினி சிரிக்கல. அண்ணன் அவங்க முகத்தை ஒரு பார்வை பார்த்துட்டு சுதியைக் கூட்டுனாரு.

"அப்புறம் எங்க வீட்டுக் கடிகாரம் என்னையப் பார்த்துச்சு. இவனே சும்மா கிடக்கான், நாம எதுக்கு நாய் மாதிரி ஓடணும்னு நின்னு போச்சு. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கடிகாரம் நின்னுது. எங்க தெருவுல பதினோரு நாள் புதன்கிழமையாவே இருந்துது மயினி."

"போன மாசம் ஒரு ஞாயிறு தப்பாம நான் பூசைக்குப் போயிருக்கேன்," அப்படின்னேன்.

"உன் தெருவுல ஞாயிறு வந்திருக்கும். எங்க தெருவுக்கு வரல. வந்து கேட்டுப் பாரு, அந்தப் பதினோரு நாளும் ஒருத்தரும் மொகச்சவரம் பண்ணல. ஒருத்தருக்கும் தாடியும் வளரல!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. மயினி கையைக் கட்டிக்கிட்டு, "பெயிண்ட் கதைக்கு வா," அப்படின்னாங்க.

"வாரேன், வாரேன். ஒரு நாள் கடற்கரையில போய்ப் படுத்தேன். அலை என் காலு வரைக்கும் வந்துச்சு, பார்த்துச்சு, அதுவும் அப்படியே படுத்துருச்சு. கடல் தட்டுல ஊத்துன பாயாசம் மாதிரி கிடக்கு. இன்னாசி செத்துப் போனானான்னு பார்க்க ஒரு சீலா மீன் கரையேறி வந்துச்சு. ஆளு உசரம் இருக்கும். 'அண்ணே, எங்களுக்கும்தான் ரெண்டு மாசம் லீவு விட்டிருக்காவ, ஆனா சும்மா இருக்கத் தெரியல. வலைக்குப் பயந்து ஓடி ஓடியே பழகிருச்சு'ன்னு அழுதுச்சு. கேட்டதும் எனக்கும் கண்ணு கலங்கிருச்சு மயினி, சத்தியமா. மூச்சை விடு, செதிலைத் தளர விடு, நாளைக்கு என்னன்னு யோசிக்காதேன்னு சொல்லிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள்ள நாலு மைலுக்கு மீன் வரிசையாப் படுத்திருக்கு, எல்லாம் துடுப்பைத் தலைக்கு வச்சுக்கிட்டு. தடைக்காலத்துல மீன் பிடிச்சியான்னு ஆபீசர் வந்தாரு. வலை எங்க சார், இவுக ரெஸ்ட் எடுக்காவன்னேன். அவரும் பூட்ஸைக் கழத்திட்டு ஒரு சுறாவுக்குப் பக்கத்துல இடம் பார்த்துப் படுத்துட்டாரு."

"சரி," அப்படின்னாங்க மயினி. "படகுக்கு ஏன் பெயிண்ட் அடிக்கல?"

அண்ணன் அப்பத்தான் எந்திரிச்சு உக்கார்ந்தாரு. "அங்கதான் விசயமே இருக்கு! அந்த மீன் அம்புட்டும் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கு. உன் படகு வந்தா வலையே வேண்டாம், நாங்களாத் துள்ளி வந்து ஏறிக்கிடுதோம்னு. அடையாளம் கேட்டுச்சு. தோல் உரிஞ்ச படகுதான் என் படகுன்னு சொல்லிட்டேன். இப்பப் பெயிண்ட் அடிச்சா அதுகளுக்கு எப்படி அடையாளம் தெரியும்? உங்க நல்லதுக்காகத்தான் மயினி அடிக்கல!"

எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. மயினி படகைச் சுத்தி ஒரு நடை நடந்து வந்து நின்னாங்க.

"மீனு தானா வந்து ஏறிக்கிடும்?"

"சத்தியமா."

"அப்ப சுக்கானை யாரு பிடிச்சா என்ன? நீ இன்னும் பத்து மாசம் சும்மாவே இரு. கிளாட்வின், படகுச் சாவியை வாங்கிக்க. நீதான் டிரைவர்."

நான் கையை நீட்டுனேன். அண்ணன் என் கையைப் பார்த்தாரு, மயினியைப் பார்த்தாரு. மடியில இருந்த சாவியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. அடுத்த நிமிசம் வேட்டியை மடிச்சுக் கட்டி, பெயிண்ட் டப்பாவைத் தூக்கி, மூடியைப் பல்லால கடிச்சுத் திறக்காரு.

"என்ன இன்னாசி, பெயிண்ட் அடிச்சா மீனுக்கு அடையாளம் தெரியாதே?" அப்படின்னாங்க மயினி.

"மீனுகிட்ட நான் பேசிக்கிடுதேன் மயினி. நீங்க சாமியாரை மட்டும் மெதுவா வரச் சொல்லுங்க."