கதவில் நின்ற கோழி

ஒருத்தி வரைந்தாள், இன்னொருத்தி பிரிக்கச் சொன்னாள், மூன்றாமவன் குறையைக் கண்டான். படம் யாருடையது? கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. கதையைக் கேட்டபின் சொல்லுங்கள்.

தெற்கே ஒரு பல்கலைக்கழகம். அங்கே வரைகலை வடிவமைப்பு படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பக்கத்து மருத்துவமனையில் ஒரு வேலை வந்தது. குழந்தைகள் வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் போகும் வழி மிக நீளம். பாதியிலேயே பிள்ளைகள் அழுது நின்றுவிடும். அவர்களை நடக்க வைக்கும்படி சுவரில் படம் வேண்டும். சிறந்த படத்துக்கு உரியவரைச் சென்னையில் ஒரு நிறுவனம் ஓராண்டு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். ஒரே ஓர் இடம்.

இசக்கியம்மாள் அந்த இடத்துக்காக ஏங்கினாள். கிடைக்காவிட்டால் சங்கரன்கோவிலில் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடைக்குத் திரும்ப வேண்டும். அதை அவள் மட்டமாக நினைக்கவில்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் ரோஜாப்பூ கேட்பார்கள், அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமைதோறும் வேலைகளைப் பெயர் போடாமல் சுவரில் குத்திவைப்பார்கள். யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். வரைந்தவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது.

இசக்கி ஒரு கோழியையும் அதைச் சூழ்ந்து அதையே பார்த்து நிற்கும் குஞ்சுகளையும் வரைந்து குத்தியிருந்தாள். இறகு இறகாக வரைந்த கோழி. எல்லாரும் புகழ்ந்தார்கள். வகுப்புத் தோழி பெனடிக்டா மட்டும், "அம்மா பக்கத்துலயே இருந்தா குஞ்சு எதுக்கு நடக்கணும்? கோழியக் கொண்டுபோய் எக்ஸ்ரே ரூம் கதவுல ஒட்டணும். குஞ்செல்லாம் வழி நெடுக நிக்கட்டும்" என்றாள்.

இசக்கியின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் அவளே கத்தரிக்கோலை எடுத்துக் கோழியைத் தனியாக வெட்டினாள்.

மருத்துவமனைச் சுவரில் ஒட்டப் போனபோது வகுப்புத் தோழன் ஷாகுல் துணைக்குப் போனான். கையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி குஞ்சுகளைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். நடுவழியில் திரும்பி வார்டுக்கே போய்விட்டாள். பின்னால் வந்த குழந்தையும் அதே இடத்தில் திரும்பியது. இசக்கிக்கு ஒன்றும் புரியவில்லை.

தரையில் உட்கார்ந்து டேப் கிழித்துக்கொண்டிருந்த ஷாகுல் சொன்னான்: "ஏட்டி, இங்க நிக்கிற ஒன் குஞ்சு பின்னால பாக்குது. பிள்ளையும் பின்னால போகுது."

"அது அம்மாவப் பாக்குதுலா."

"அம்மாவத்தான் நீ வெட்டிட்டியே."

இசக்கி ஒட்டியதையெல்லாம் உரித்தாள். ஒவ்வொரு குஞ்சையும் கதவுப் பக்கம் பார்க்கும்படி புதிதாக வரைந்தாள். மறுபடி ஒட்டிய அன்று அதே சிறுமி வந்தாள். கடைசிக் குஞ்சைத் தாண்டியதும் ஓடிப்போய்க் கோழியின் வயிற்றில் கையை வைத்து, "இங்கன இருக்கா" என்றாள். கதவு திறந்தது. அழாமல் உள்ளே போனாள்.

அந்தப் படமே தேர்வானது. யார் பெயரை அனுப்புவது என்று ஆசிரியர் பரமகுரு மூவரையும் கூப்பிட்டுக் கேட்டார்.

"பெனடிக்டா பேர எழுதுங்க சார். கதவு அவ சொன்னது. நான் வரைஞ்சது வெறும் கோழி," என்றாள் இசக்கி. சென்னை என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை.

"வியாழக்கிழமை வாயடிக்கிறது எல்லாருக்கும் வேலைதானே சார். ஷாகுல் பாக்கலன்னா பிள்ளைங்க இன்னும் திரும்பிப் போய்க்கிட்டுத்தான் இருக்கும்," என்றாள் பெனடிக்டா.

"நான் டேப் கிழிக்கப் போனவன் சார். டேப்புக்கு ஏதும் பரிசு இருந்தா எழுதுங்க," என்றான் ஷாகுல்.

மூவரும் சொன்னது பொய்யில்லை. இடமோ ஒன்று. இப்போது சொல்லுங்கள்: பரமகுரு யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: இசக்கியின் பெயரை. பெனடிக்டா சொன்னதிலும் ஷாகுல் கண்டதிலும் அவர்களுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அதைக் கேட்டு நடந்தவளுக்குத்தான் இழப்பு. ஆசையாக வரைந்த கோழியைத் தன் கையால் வெட்டினாள். ஒட்டிய குஞ்சுகளை உரித்தாள். நண்பர்களுக்கான நன்றியை அவர்கள் சொன்னதைச் செய்ததிலேயே செலுத்திவிட்டாள். அதற்குமேல் சென்னையையும் கொடுக்க வேண்டியதில்லை. பரமகுருவும் அப்படித்தான் எழுதினார். இருந்தும் இந்த விடை எனக்கு முழு நிம்மதி தரவில்லை. அவளுக்கும் தரவில்லை போலிருக்கிறது. சென்னைக்குப் புறப்படும் முன் அந்தக் கதவுக்குப் போய், கோழியின் காலடியில் பொடி எழுத்தில் மூன்று பெயர்களையும் எழுதிவிட்டு வந்தாள். சுவரில் எத்தனை பெயர் எழுதலாம் என்று யாரும் விதி போட்டிருக்கவில்லை.