கத்தரிச் செடியில் ஒரு கூடு

குளக்கரைக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில், செவியன் என்ற முயல் தோட்டம் போட்டிருந்தது. கத்தரி, அவரை, கொஞ்சம் கீரை. பொழுது விடிந்ததும் ஒவ்வொரு செடியையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அது மறுவேலை பார்க்கும்.

அங்கே ஒரு கத்தரிச் செடியின் இலைகளை நாரால் சேர்த்துத் தைத்து, தையல்நாயகி என்ற தையல்சிட்டு கூடு கட்டியது. மூன்று குஞ்சுகள் பொரித்தன. செவியன் எட்டிப் பார்த்தால் போதும், அம்மா வந்துவிட்டாள் என்று வாயைப் பிளக்கும். செவியனுக்குச் சிரிப்பு தாங்காது.

ஒருநாள் அந்த வழியாக முள்ளம்பன்றி வந்தது.

"என்ன செவியா, இது இலையா, சல்லடையா? புழு தின்றது போக உனக்கு ஏதாவது மிஞ்சுமா?"

செவியனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நான் என்ன செய்யட்டும்?"

"எட்டிக்காயை இடித்துச் சாற்றைத் தெளி! ஒரு புழு இருக்காது!"

முள்ளம்பன்றி போனதும் தையல்நாயகி பதறிக்கொண்டு வந்தது.

"வேண்டாம் அண்ணா! அந்தப் புழுதான் என் பிள்ளைகளுக்குச் சோறு. நான் பிடிக்கப் பிடிக்கக் குறைந்துவிடும். நாலு இலை போனால் போகட்டுமே!"

"சரி, சரி. தெளிக்கவில்லை" என்றது செவியன்.

ஆனால் முள்ளம்பன்றியின் கேலி அதன் காதை விட்டுப் போகவில்லை. மறுநாள் சிட்டு குளத்துக்குப் போன நேரம் பார்த்து, செடிகளுக்கெல்லாம் அந்த விஷச் சாற்றைத் தெளித்தது. கூடு இருந்த செடியை மட்டும் விட்டுவிட்டது. 'குஞ்சுகள் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லையே!' என்று தன்னையே தேற்றிக்கொண்டது.

சிட்டு திரும்பி வந்தது. அவரைக்கொடியிலிருந்து குதூகலமாகக் கூவியது.

"அண்ணா! இன்றைக்குப் புழுவெல்லாம் நகராமல் கிடக்கின்றன! பிடிப்பது எவ்வளவு சுலபம்!"

செவியன் 'கொடுக்காதே!' என்று கத்த வாயெடுத்தது. சொன்னால் வாக்குத் தவறியது தெரிந்துவிடும். 'கொஞ்சம் தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது?' என்று வாயை மூடிக்கொண்டது.

சிட்டு போவதும் வருவதுமாக ஊட்டியது. அந்திக்குள் கூட்டில் சத்தம் அடங்கிவிட்டது.

"அண்ணா, பிள்ளைகள் வாயே திறக்க மாட்டேன் என்கிறார்கள். வந்து பாருங்களேன்!"

செவியன் வந்து பார்த்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று தலை சாய்த்துக் கிடந்தன. அது எல்லாவற்றையும் சொல்லி அழுதது.

தையல்நாயகி மூன்று குஞ்சுகளையும் அலகால் தொட்டுப் பார்த்தது. பிறகு, "நான் கூவினேனே அண்ணா, அப்போதாவது சொல்லியிருக்கலாமே" என்றது. அவ்வளவுதான். பறந்து போய்விட்டது.

கத்தரி காய்த்துக் குலுங்கியது. முள்ளம்பன்றி வந்து, "இப்போதல்லவா தோட்டம்!" என்று மெச்சியது. செவியனுக்கு ஒரு காயைக் கடிக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த மழைக்குப் புழுக்கள் மறுபடி வந்தன. செவியன் எட்டிக்காயைத் தொடவில்லை. தோட்டத்தின் நடுவே உட்கார்ந்து, எந்தச் சிட்டாவது வராதா என்று வானத்தைப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. செடிகள் மொட்டையாகிப்போயின.

தன் தோட்டத்தில் சிறு குறையும் பொறுக்காதவன், அதை நம்பி வந்த உயிர்களையும் இழந்து, கடைசியில் தோட்டத்தையும் இழப்பான்.