கைப்பிடி இல்லாத மேஜை

பொட்டல்விளாகம் கடைத்தெருவில் வெள்ளையப்ப மேஸ்திரியின் தச்சுப் பட்டறை இருக்கிறது. மேஸ்திரி, திருமேனி, சோலையப்பன் என்று மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை உண்டு என்பார்கள். அந்தப் புதன்கிழமை அதுவும் வேலைக்கு வரவில்லை.

சோலையப்பனுக்கு வயது முப்பத்தைந்து. ஐந்து இடத்தில் பெண் பார்த்து ஐந்தும் தட்டிப்போயிற்று. ஆறாவது, தையல்காரர் உடையப்பனின் மகள் செண்பகவல்லி. அவளைக் கடை வாசலில் ஒரு தடவை பார்த்ததிலிருந்து பாவம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

உடையப்பன் கறாரான ஆள். துணி வெட்ட ஒரு பெரிய மேஜைக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். புதன்கிழமை நாலு மணிக்கு மேஜையும் வரட்டும், மாப்பிள்ளையும் வரட்டும். மேஜை சரியில்லை என்றால் பெண் பார்க்கிற பேச்சே கிடையாது என்றுவிட்டார்.

"டிராயர்ல கைப்பிடி நீட்டிக்கிட்டு இருந்தா துணி மாட்டும். விரல் விட்டு இழுக்க முகப்புப் பலகையில பள்ளம் எடுத்துடுங்க. வெளியே எதுவும் தெரியக் கூடாது" என்றும் சொல்லியிருந்தார்.

பள்ளம் எடுக்கிற ரவுட்டர் மெஷினை முதலில் கழிவுப் பலகையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். ஓட்டினார்கள். பள்ளம் அத்தனை அழகாக வந்தது. இவ்வளவு நல்ல பலகையைக் கழிவு என்று எப்படிச் சொல்வது? வேறு கழிவுப் பலகை தேடி ஓட்டினார்கள். அதுவும் நன்றாகவே வந்து தொலைத்தது. மதியத்துக்குள் பட்டறையில் கழிவே இல்லாமல் போயிற்று.

பிறகு அவசர அவசரமாக நாலு டிராயருக்கும் பள்ளம் எடுத்தார்கள். வெளியே எதுவும் தெரியக் கூடாது அல்லவா? பலகையின் உள்பக்கத்தில் எடுத்தார்கள். டிராயர்களைச் சொருகி, பின்பலகையையும் முடுக்கினார்கள். மேஜை வழவழவென்று இருந்தது. மூன்று பேரும் நாலு பக்கமும் தடவிப் பார்த்தார்கள். திறக்க வழியில்லை.

சோலையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மணி மூன்று.

"பள்ளத்துல ஒரு குத்தமும் இல்ல. ஆளு நிக்கிற இடந்தான் தப்பு" என்றான் திருமேனி.

மேஸ்திரி வெகுநேரம் யோசித்தார். "அப்ப உள்ளே ஒரு ஆளு வேணும்" என்றார்.

ஒல்லியான ஆள் சோலையப்பன்தான். பின்பலகையைக் கழற்றி அவனை உட்காரவைத்தார்கள். வெளியே தட்டினால் அவன் உள்ளிருந்து தள்ளுவான், டிராயர் திறக்கும். மறுபடி தட்டினால் பள்ளத்தில் விரல் விட்டு இழுப்பான், மூடிக்கொள்ளும். மகராசன் ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை. புதுச்சட்டையோடு அவனை உள்ளே வைத்தே பலகையை முடுக்கி, வண்டியில் ஏற்றினார்கள்.

உடையப்பன் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேஸ்திரி காட்டியபடி தட்டினார், திறந்தது. தட்டினார், மூடியது. இப்படி ஒரு மேஜையை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்.

"அவர் வந்து அரை மணி நேரமாச்சுங்க. வெளியே தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் மேஸ்திரி.

உடையப்பன் யோசித்துப் பார்த்தார். அவர் சொன்னது உண்மைதான். மகளைக் கூப்பிட்டார்.

செண்பகவல்லி தலை குனிந்து வந்தாள். முதல் டிராயரைத் தட்டி, திறந்ததும் கேசரியும் காபியும் வைத்தாள். மறுபடி தட்டினாள். சற்று நேரத்தில் இரண்டாவது டிராயர் தானாகவே திறந்தது. அதில் காலி டம்ளரும், அவன் அவளுக்காக வாங்கி வைத்திருந்த ஒரு முழம் மல்லிகையும் இருந்தன.

"இவரே போதும்பா" என்றாள் அவள்.

உடையப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்போதே தை மாதம் கல்யாணம் என்று முடிவு செய்தார். சீர்வரிசைக்கு ஒரு பீரோ வேண்டும், அதிலும் கைப்பிடி வெளியே தெரியக் கூடாது என்றார்.

மேஸ்திரி திரும்பித் திருமேனியைப் பார்த்தார்.

"எனக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு வருசம் ஆச்சுங்களே மேஸ்திரி" என்றான் திருமேனி.